நாற்பத்தொரு தட்டுகள்

அத்தியாயம் பன்னிரண்டு

ரோசென் நீதிமன்றக் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதிக்குள் ரோசென் ஒரு நிலையான வேலையையும் தனி இருப்பிடத்தையும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஐந்து வயது எனோரா, நான்த் நகரத்தில் இருக்கும் தகப்பன் ரெமியிடம் போவாள். இப்போதைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ரெமி காரில் வந்து மகளை அழைத்துப்போய் ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுகிறான். வேறொருத்தியோடு போனவன்தான் அவன். ஆனால் மகள்மேல் அவனுக்குப் பாசம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

ரோசென் ஆறு மாதமாக அண்ணன் ஜில்தாஸின் வீட்டு மாடியில் இருக்கிறாள். போர்கெலென் துறைமுகத்தில் ஜில்தாஸுக்கு ஒரு க்ரேப் கடை உண்டு; க்ரேப் என்பது மெல்லிய கோதுமை தோசை. பெயருக்கு அவன் கடை, நடத்துவது அண்ணி ஆர்மெல். ரோசென் இரண்டு கல்லில் ஒரே நேரத்தில் க்ரேப் ஊற்றுவாள். சோறும் கூரையும் கொடுத்ததால் கூலி என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்ததே இல்லை.

இன்று அவளுக்கு ஒரு வாய்ப்பு. ஊர்ப் பாலர் பள்ளிக்குச் சமையல்காரி தேவை. வேலையோடு பள்ளிக்கு மேலேயே இரண்டு அறை வீடும் தருகிறார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் நகரசபை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. இனி பள்ளியில் தவிடு நீக்காத முழுக்கோதுமை மாவுதான். அந்த மாவில் செய்த எதையும் குழந்தைகள் தொடுவதில்லை. இதற்கு முன் வந்த இரண்டு சமையல்காரிகளும் மிச்சத்தைக் கொட்டிக் கொட்டியே ஓய்ந்துபோய் ஓடிவிட்டார்கள்.

ஆகவே இன்று, மெழுகுவர்த்தித் திருநாளான பிப்ரவரி இரண்டாம் தேதி, பரீட்சை. ஊரே க்ரேப் சுடும் நாளில் ரோசென் நாற்பத்தொரு குழந்தைகளுக்கு முழுமாவு க்ரேப் சுட வேண்டும். தட்டுகளில் மிஞ்சுவதை நிறுத்துப் பார்ப்பார்கள். இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் வேலை அவளுக்கு.

*

காலை ஏழு மணிக்கு மாவு இறுகிப் போயிருந்தது. முழுமாவின் குணம் அது. தவிடு இரவெல்லாம் பாலைக் குடித்துவிட்டு விடிந்ததும் இன்னும் கொண்டா என்று நிற்கும்.

ரோசென் பத்து நாளில் ஏழு தடவை தோற்றிருந்தாள். அவளுடைய நடுவர் எனோராதான். "மணல் இருக்கும்மா" என்றாள் முதல் நாள். "இது குதிரை சாப்பிடறதா?" என்றாள் நான்காம் நாள். எட்டாவது தடவை ரோசென் தவிட்டைத் தனியாகச் சலித்தெடுத்து, உப்பு வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, மறுபடி மாவிலேயே கலந்தாள். வீடெல்லாம் வறுத்த கொட்டை வாசனை. க்ரேப்பையும் பெரிதாக ஊற்றாமல் குழந்தை உள்ளங்கை அளவுக்கு ஊற்றினாள். எனோரா முகர்ந்து பார்த்து, "பிஸ்கட்டு!" என்று கத்தி நான்கை விழுங்கினாள். அதுதான் இன்று வாளியில் இருந்த மாவு.

"எனோரா, அந்த ஜாடியப் பிடி. ரெண்டு கையாலயும்."

ஜாடியில் ஆப்பிள் கள் இருந்தது. ஒரு பெரிய டம்ளர் அளந்து மாவில் விட்டு ரோசென் கலக்கினாள். விட்டால்தான் க்ரேப்பின் ஓரம் வலை வலையாக விரியும். ஆப்ப மாவுக்குக் கள் விடுகிறவர்கள் அதைக் குடிப்பதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை அல்லவா? இந்த ஊரிலும் அப்படித்தான். உப்புப் போடுவது போல ஒரு காரியம். ரோசெனின் அம்மா விட்டாள், பக்கத்து வீட்டில் விடுகிறார்கள், கை தானாக ஜாடிக்குப் போகிறது.

அந்த நேரம் பார்த்து ஆர்மெல் உள்ளே வந்தாள்.

"இன்னும் கிளம்பலியா? பரீட்சைக்குப் போறவ மூஞ்சியப் பாரு. மழையில நனைஞ்ச கோழியாட்டம்."

"ஒண்ணு ஊத்திப் பாத்துட்டுக் கிளம்பிடறேன் அண்ணி."

கல்லில் ஊற்றிய முதல் க்ரேப் திருப்பும்போது கிழிந்தது. ஆர்மெல் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ பாவம். உன் கல்யாணம் மாதிரியே, கல்லுல விழுந்ததும் கிழிஞ்சுடுச்சே."

"முதல் க்ரேப் எல்லாருக்கும் கிழியும் அண்ணி. அது நாய்க்குத்தான்."

"கிழியும்தான். ஆனா எல்லாரும் ரெண்டாவது ஊத்துவாங்க. நீ ஒண்ணோட நின்னுட்டியே!"

ரோசென் கல்லைத் துடைத்து இன்னொன்று ஊற்றினாள். ஆறு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இன்றைய நாளில் இடது கையில் ஒரு காசை இறுக்கிக்கொண்டு வலது கையால் க்ரேப்பைத் திருப்பினால் வருஷம் முழுக்கக் குறைவிருக்காது என்பார்கள். ஆர்மெல் மேலங்கிப் பைக்குள் துழாவினாள். கிடைத்தது ஒரு சட்டைப் பொத்தான். அதை ரோசெனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"காசு எதுக்கு வீணா? உனக்கு இது போதும்."

பிறகு அவள் பார்வை ஜாடிக்கும், ஜாடியிலிருந்து மாவு வாளிக்கும் போனது. எனோராவைப் போல ஆர்மெலின் மகனும் அதே பள்ளியில் படிக்கிறான். உணவுக் குழுவில் பெற்றோர் சார்பாக உட்காருவதும் அவள்தான். போன மாதம் நகரசபை அனுப்பிய சமையல் விதிகளின் கீழே அவள் கையெழுத்து இருக்கிறது. பள்ளி அடுப்பில் எந்த வடிவத்திலும் மது கூடாது என்ற வரி அதில் ஒன்பதாவது.

கள்ளை யாரும் இங்கே மதுவாக நினைப்பதில்லை. ரோசெனும் நினைக்கவில்லை. ஆர்மெல் நினைத்தாள்.

எப்போதும் ஏதாவது சொல்லும் அந்த வாய் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. ரோசென் தலை நிமிர்ந்திருந்தால் அந்த மௌனத்தைப் பார்த்தே பயந்திருப்பாள்.

"சரி சரி, நீ முன்னால போ," என்றாள் ஆர்மெல், தேன் ஒழுக. "உங்கண்ணன் வண்டியில கல்லு, வாளி எல்லாத்தையும் ஏத்தட்டும். குழந்தைய நான் கூட்டிட்டு வரேன்."

ரோசெனுக்குக் கண் கலங்கியது. "தேங்க்ஸ் அண்ணி" என்றாள். பாவி, நன்றி வேறு சொன்னாள்.

ஜில்தாஸ் வாளியைத் தூக்க உள்ளே வந்தபோது ரோசென் தெருவில் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். ஆர்மெல் குனிந்து எனோராவின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"குட்டி, அந்த மேடம் க்ரேப் எப்படிச் செஞ்சீங்கன்னு அம்மாவக் கேப்பாங்க. அம்மா ஆப்பிள் கள்ள மட்டும் சொல்ல மறந்துடுவாங்க. அப்ப நீதான் சொல்லணும். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்பறம். அம்மாவோட ரகசியம் தெரிஞ்சா மேடத்துக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். என்ன சொல்லுவ?"

"ஆப்பிள் கள்ளு. நான்தான் ஜாடியப் பிடிச்சேன்."

"அதையும் சொல்லு. சமத்து!"

ஜில்தாஸ் மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். ஜில்தாஸுக்குக் காது நன்றாகவே கேட்கும். வாயைத்தான் கல்யாணத்தன்று அடகு வைத்துவிட்டான்.

வண்டி துறைமுகத்து வளைவில் திரும்பும்போது அவன் தொண்டையைச் செருமினான்.

"ரோசென்..."

"என்னண்ணே?"

அவன் முன்னால் போன மீன் லாரியையே பார்த்தான். "ஒண்ணுமில்ல. கல்லுச் சூடு ஏறட்டும், அவசரப்பட்டு ஊத்தாத."

*

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பத்தொரு குட்டி நாற்காலிகள். பரிமாறும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ரோசென், அந்தப் பக்கம் நகரசபையிலிருந்து வந்த மேடம் கெர்வெலா. பள்ளிகளுக்குப் பொறுப்பான துணை மேயர் அவர். கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கையில் கோப்பு, தரையில் ஒரு எடைத் தராசு. அவர் பக்கத்தில், குழு உறுப்பினர் என்ற மிடுக்கோடு, உதட்டுச் சாயம் பூசிய ஆர்மெல்.

முதல் மேஜைக்குத் தட்டு போனது. ஒரு சிறுமி க்ரேப்பை விரலால் குத்தினாள்.

"அழுக்கா இருக்கு."

"புள்ளி புள்ளியா இருக்கு," என்றான் இன்னொருவன். "சே!"

குழந்தைகள் கூட்டத்தில் 'சே' என்பது தீ மாதிரி. இரண்டாவது மேஜை சாப்பிடுவதற்கு முன்பே 'சே' என்றது. மூன்றாவது மேஜை தட்டு வருவதற்கு முன்பே சொன்னது. ஆர்மெல் மேஜை விரிப்பில் இல்லாத ஒரு சுருக்கத்தைத் தடவி எடுத்தாள்.

ரோசென் கல்லின் சூட்டைக் குறைத்தாள். கையில் கரண்டியோடு ஜன்னலை விட்டு வெளியே வந்தாள். முதல் மேஜை ஓரத்தில் தித்துவான் என்ற செம்பட்டைத் தலைப் பையன் உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் அவன் முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். ரோசென் அவன் தட்டிலிருந்த க்ரேப்பை எடுத்து அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இது அழுக்கு இல்ல. இவன மாதிரியே புள்ளிக்காரன். தித்துவானோட தம்பி!"

தித்துவான் வெட்கத்தோடு சிரித்தான்.  பிறகு 'அழுக்கு' என்ற அதே சிறுமி தன் க்ரேப்பை எடுத்து நடுவில் ஒரு கடி கடித்தாள்.

"நான் தித்துவான் மூக்கத் தின்னுட்டேன்!"

அவ்வளவுதான். கூடம் வெடித்தது.

"நான் கண்ணு!" "நான் காது!" "எனக்கு இன்னொரு தித்துவான் குடுங்க!" "நான் அவன் தலைய முழுசாத் தின்னுட்டேன், பாரு, பாரு!"

தித்துவான் சிரிப்பதை நிறுத்தினான். உதடு பிதுங்கியது. நாற்பது பேர் தன்னைத் தின்பதை ஒரு குழந்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? அவன் அலறி அழுதான். அவன் அழ அழ மற்றவர்கள் இன்னும் வேகமாகத் தின்றார்கள். ஒருத்தி அவன் முகத்துக்கு நேராகப் போய் வாயைத் திறந்து மென்றதைக் காட்டினாள்.

ரோசென் இதை நிறுத்தியிருக்கலாம். அவளும் ஒரு தாய்தான். ஆனால் காலியாகும் தட்டுகளைப் பார்த்தாள், அழும் பையனைப் பார்த்தாள், திரும்பிப் போய் இன்னும் முப்பது க்ரேப் ஊற்றினாள். இதை மறைத்து அவளை நல்லவளாக மட்டும் காட்ட எனக்கு மனமில்லை.

கடைசியில் தித்துவானே விக்கிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தன்னைத் தானே தின்ன ஆரம்பித்தான். பிடித்திருந்தது போலிருக்கிறது. இன்னொன்று கேட்டான்.

மிச்சமெல்லாம் ஒரு வாளியில் கொட்டப்பட்டது. மேடம் கெர்வெலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசின் முள்ளைப் பார்த்தார். முந்நூற்று நாற்பது கிராம். மறுபடி நிறுத்தார். முந்நூற்று நாற்பதேதான்.

"பதினோரு வருஷமா இந்தப் பொறுப்புல இருக்கேன்," என்றார். "இப்படி ஒரு வாளிய நான் பாத்ததில்ல."

அவரும் ஒன்று தின்றார். பிறகு யாரும் பார்க்காதபோது இன்னொன்று. ரோசென் பார்த்துவிட்டாள். அவள் மனதுக்குள் மாடி வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலையே தைக்க ஆரம்பித்திருந்தாள்.

*

குழந்தைகள் கை கழுவ வரிசையாகப் போனார்கள். மேடம் கெர்வெலா கோப்பைத் திறந்தார்.

"பக்குவத்தச் சொல்லுங்க. எழுதிக்கறேன். திங்கக்கிழமை குழுவுல வெச்சுக் கையெழுத்துப் போட்டுடலாம்."

"முழுக்கோதுமை மாவு. பால், முட்டை. உப்பு வெண்ணெயில வறுத்த தவிடு. ஒரு சிட்டிகை சர்க்கரை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம்."

அவள் பொய் சொல்லவில்லை. தண்ணீர் விட்டதை யாராவது சொல்வார்களா? அதுபோலத்தான் அவளுக்கு அதுவும்.

வரிசையிலிருந்து எனோரா ஓடி வந்தாள். ஈரக் கையால் மேடத்தின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா ஒண்ண மறந்துட்டாங்க!"

"அப்படியா கண்ணு? எத மறந்துட்டாங்க?"

"ஆப்பிள் கள்ளு. பெரிய டம்ளர்ல. நான்தான் ஜாடியப் பிடிச்சேன். ரெண்டு கையாலயும்."

பேனா நின்றது. மேடம் கெர்வெலா ரோசெனைப் பார்த்தார். ரோசெனுக்கு முதலில் விஷயமே புரியவில்லை. "ஆமா, எப்பவும் விடறதுதானே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் வெளிறியதை நான் எழுதத் தேவையில்லை.

"எங்க வீட்டுலயும் விடுவோம்," என்றார் மேடம் கெர்வெலா. குரலில் கோபமில்லை, அதுதான் கொடுமை. "இன்னைக்குக் காலையில என் வீட்டு மாவுல நானே விட்டுட்டுத்தான் வந்தேன். ஆனா என் வீடு வேற, பள்ளிக்கூடம் வேற. சரி, பழக்க தோஷம்னு விட்டுடலாம். நான் கேட்டேனே? அவ்வளவுதானான்னு கேட்டேனே? அவ்வளவுதான்னு சொன்னீங்களே?"

"சத்தியமா ஞாபகத்துக்கு வரல மேடம். கல்லுல எல்லாம் ஆவியாப் போயிடும்..."

"நாற்பத்தொரு வீட்டுக்கும் நான் இன்னைக்கே சீட்டு அனுப்பியாகணும். ஒவ்வொருத்தரும் போன் பண்ணுவாங்க. அவங்ககிட்ட ஆவியாப் போச்சுன்னா சொல்ல முடியும்?"

ஆர்மெல் முன்னால் வந்து ரோசெனின் தோளில் கை வைத்தாள்.

"திட்டாதீங்க மேடம், பாவம். வேணும்னேவா செஞ்சா? புருஷன் விட்டுட்டுப் போனதுலேருந்தே இவளுக்கு எதுவும் மனசுல நிக்கறதில்ல. அடுப்ப அணைக்காமப் போயிடறா. குழந்தைய வேற வெச்சுக்கிட்டுத் தடுமாறறா. நாங்கதான் பாத்துக்கறோம்."

மேடம் கெர்வெலா கோப்பின் ஓரத்தில் ஏதோ குறித்தார். எதைக் குறித்தார் என்பது ரோசெனுக்குத் தெரியவில்லை. நமக்கும் இப்போதைக்குத் தெரியாது.

அப்போது எனோரா தலையை நிமிர்த்தினாள். மேடத்தை அல்ல, அம்மாவை அல்ல, ஆர்மெலைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் சரியாச் சொன்னேனா அத்தை?"

ரோசெனுக்கு எல்லாம் விளங்கியது. காலையில் ஒழுகிய தேன், 'குழந்தைய நான் கூட்டிட்டு வரேன்' என்ற கரிசனம், எல்லாம். அறைய வேண்டிய கன்னம் அரை அடி தூரத்தில், உதட்டுச் சாயத்தோடு இருந்தது. ஆனால் அந்தக் கன்னத்தை அறைந்தால் இன்றிரவு படுக்க இடமில்லை. கோபம் எப்போதுமே எட்டுகிற உயரத்தில்தான் இறங்கும். எட்டுகிற உயரத்தில் இருந்தவள் எனோரா.

"போடி!" என்று ரோசென் கத்தினாள். "உங்கப்பன்கிட்டயே போய்த் தொலை! அவன் ரத்தம்தானே உனக்கு ஓடுது? ஆளக் கவுக்கத்தான் தெரியும். இனிமே நீ எனக்கு வேணாம். போ!"

கை கழுவிக்கொண்டிருந்த குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பு ஆயா வாயில் கை வைத்துக்கொண்டாள். மேடம் கெர்வெலா கோப்பை மூடினார். 

எனோரா அழவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று யோசிப்பவள் போல நின்றாள். பிறகு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

*

கல்லைச் சுரண்டிக் கழுவும்போது ஆர்மெல் துணியோடு வந்து உதவுவது போல நின்றாள். வேறு யாரும் இல்லை.

"ஏன் அண்ணி? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"எனக்கு நீ ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் செஞ்சுகிட்டிருக்க. ரெண்டு கல்லுல ஊத்தறவ இந்தக் கரையில வேற எவ இருக்கா? ஈஸ்டர் வருது, கூட்டம் வரும். உன்ன இங்க அனுப்பிட்டு நான் யாரத் தேடுவேன்?"

"அதுக்கு என் குழந்தைய விட்டா காரியத்தக் கெடுப்பீங்க?"

"குழந்தை எதக் கெடுத்தா? உண்மையத்தானே சொன்னா? நான் என்ன பொய் சொல்லவா சொல்லிக் குடுத்தேன்?" ஆர்மெல் கல்லின் விளிம்பை நிதானமாகத் துடைத்தாள். "போய்த் தொலைன்னு சொன்னது யாரு? நானா? கேட்டுக்கோ. மாடியில ரெண்டு ரூம். ஒண்ண வாடகைக்கு விட்டா சீசனுக்கு ஆள் நிக்குது. எனக்கு உன் கை வேணும். அதோட ஒட்டிக்கிட்டு வந்த குட்டி வாய் வேணாம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் துணியைப் பிழிந்து உதறி மடித்து வைத்தாள். ஆர்மெல் எந்த வேலையையும் பாதியில் விடுகிறவள் இல்லை.

ஜில்தாஸ் கல்லை வண்டிக்குத் தூக்கிப்போக வந்தான். ரோசென் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, காலையில நீயும் அங்கதான் இருந்த. அண்ணி சொல்லிக் குடுத்தத நீ கேட்டியா இல்லியா?"

ஜில்தாஸ் அவளைத் தாண்டிப் பார்த்தான். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"நீ கேட்டதச் சொன்னாப் போதும்ணே. அந்த மேடத்துக்கிட்ட ஒரு தடவ சொல்லு. எனக்காக வேணாம். எனோராவுக்காக."

"கல்லு கனக்குது ரோசென்," என்றான் ஜில்தாஸ். "கைய விடு. விழுந்துடும்."

அவள் கையை விட்டாள்.

*

மூன்றரை மணிக்கே ரோசெனின் கோபம் வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடந்தன. நாலரைக்கு மணி அடிக்கும். மணி அடித்ததும் வகுப்பு வாசலில் போய் நிற்க வேண்டும். மண்டியிட வேண்டும். அம்மா பைத்தியக்காரி, தெரியாமல் உளறிவிட்டேன், நீ சமத்து, நீ சரியாகத்தான் சொன்னாய் என்று சொல்ல வேண்டும். இன்று ரெமியின் வெள்ளிக்கிழமை. அவன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

நான்கு இருபதுக்கு மேடம் கெர்வெலா அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நடந்ததுக்கு நீங்க ஒரு விளக்கம் எழுதித் தரணும். உங்க கைப்பட."

"அப்பறமா எழுதித் தரேன் மேடம். என் மகள்..."

"இப்பவே எழுதிடுங்க. திங்கக்கிழமை குழுவுக்கு வைக்கணும். ரொம்ப நம்பிக்கையோட இருக்காதீங்க. ஆனா எழுதாம விட்டா இன்னும் மோசம்."

ரோசென் எழுதினாள். பழக்கம் காரணமாக என்று எழுதி அடித்தாள். மறதி என்று எழுதி, ஆர்மெல் சொன்னது நினைவுக்கு வந்து அதையும் அடித்தாள். மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஆயாவின் அதட்டல், வாசலை நோக்கி ஓடும் கால்கள். ரோசென் இரண்டு வரியில் முடித்துக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓடினாள்.

வகுப்பில் எனோராவின் கோட்டு மாட்டும் கொக்கி காலி. ஆயா வாசலைக் கை காட்டினாள்.

"அப்பா வந்திருக்காரு. அவருகிட்டதான் ஒப்படைச்சேன். இன்னைக்கு அவரோட நாள்தானே?"

வெளியே பெற்றோர் கூட்டம். நெடுநெடுவென்று வளர்ந்த ரெமி கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். எனோரா அவன் கையைப் பிடித்து ஆட்டியபடி, ஒப்பிக்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"...அப்பறம் அம்மா, இனிமே நீ எனக்கு வேணாம், உங்கப்பன்கிட்டயே போய்த் தொலைன்னு சொன்னாங்க. ஆயாவும் கேட்டாங்க. மேடமும் கேட்டாங்க. அதனால நான் இனிமே உங்க வீட்டுலயே இருப்பேன். என் பொம்மைய மட்டும் அத்தை எடுத்துட்டு வந்து தரணும்."

ரெமியின் முகத்தில் முதலில் வந்தது வலி. அதை நான் பார்த்தபடியே எழுதுகிறேன். அதற்குப் பிறகுதான் யோசனை வந்தது. அவன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தான். ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினான். குனிந்தான்.

"கண்ணு, அம்மா என்ன சொன்னாங்க? முதல்லேருந்து சொல்லு. மெதுவா, ஒண்ணு விடாம."

எனோராவின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து எல்லாரும் அவளைச் சொல்லச் சொல்கிறார்கள். ஒரு தடவை எதையோ தப்பாகச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை தப்பே வரக் கூடாது. அவள் நேராக நின்று, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எனோரா!" ரோசென் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எனோரா, கண்ணம்மா, வேணாம்... அம்மா சும்மா சொன்னேன்..."

எனோரா திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்கூட. பிறகு ஒரு விரலை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"இரும்மா. நான் சொல்லி முடிச்சுடறேன்."

ரெமி கைபேசியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, குழந்தையின் வாய்க்கு நேராகப் பிடித்தான்.